பழையாற்றங்கரையிலிருந்து கரமனையாற்றங்கரை வரை

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் நவராத்திரிக்கு முந்தின நாட்களில் மூன்று தெய்வங்கள் தென்திசையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவதை இந்நகரத் தமிழர்கள் எல்லோரும் அறிவோம். பத்மநாபபுரம் அரண்மனைத் தேவாரக்கட்டுச் சரஸ்வதி யானை மேல் வருகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் வருகிறார்கள். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, கரமனை வழியாக ஊர்வலம் நகருக்குள் நுழையும். சரஸ்வதிக்குக் கோட்டையகத்து நவராத்திரி மண்டபம், முருகனுக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை என்று தங்குமிடங்கள் பண்டே வகுக்கப்பட்டவை.

சில ஆண்டுகளுக்கு முன் கரமனையில் நின்று ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் பேரன் கேட்டான்: "தாத்தா, இந்தச் சாமி தமிழ்நாட்டுச் சாமியா, கேரளாச் சாமியா?" நான் பிறந்த ஊர் சுசீந்திரம். முன்னுதித்த நங்கை எங்கள் ஊர் அம்மை. இருந்தும் சட்டென்று பதில் வரவில்லை. "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன் மக்கா" என்று சொல்லிச் சமாளித்தேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததையே இங்கே எழுதுகிறேன். இந்த மலரைப் படிக்கும் பல குடும்பங்களுக்கும் இதே கேள்வி வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஊரும் ஆறும்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் தெற்கே, நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில், பழையாற்றின் கரையில் அமைந்த சிற்றூர் சுசீந்திரம். பெரிய கோயில், அதன் முன்னே தெப்பக்குளம், கோயிலைச் சுற்றித் தெருக்கள், தெருக்களைச் சுற்றி வயல். இவ்வளவுதான் ஊர். சிறுவயதில் நான் கோயில் வாசலிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் சற்று நேரத்தில் வரப்பில்தான் கால் வைப்பேன்.

பழையாறு பெரிய ஆறு அன்று. தோவாளை வட்டத்து மலைகளில் பிறந்து, பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக ஓடி மணக்குடியில் கடலில் கலக்கிறது. காவிரியையோ பொருநையையோ பார்த்தவர்கள் இதை ஓடை என்பார்கள். ஆனால் இந்தச் சிறிய ஆற்றை நம்பித்தான் நாஞ்சில்நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் எடுத்தது. அது எப்படி முடிந்தது என்பதில்தான் நம் முன்னோரின் அறிவு இருக்கிறது.

பழையாற்றுக்கு இயல்பாகக் கிடைக்கும் தண்ணீர் இருபோக நெல்லுக்குப் போதாது. மேற்கே கோதையாறும் பறளியாறும் தண்ணீர் மிகுந்தவை. ஆனால் அவை வேறு பக்கமாக ஓடிக் கடலுக்குப் போய்விடுகின்றன. எனவே மேற்கத்தி ஆற்றை மறித்து, பாறையை வெட்டிக் கால் திறந்து, தண்ணீரைக் கிழக்கே பழையாற்றுக்குத் திருப்பினார்கள். பாண்டிய மன்னன் ஒருவன் செய்த வேலை என்பது ஊர்வழக்கு. பாண்டியன் அணை, பாண்டியன் கால் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. பின்னர் திருவிதாங்கூர் அரசு புத்தன் அணையைக் கட்டியது. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல், பேச்சிப்பாறை அணை எழுந்தது. அதைக் கட்டிய பொறியாளர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின். அவர் கல்லறை அணைப்பக்கமே இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் பெருஞ்சாணி அணையும் சேர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாண்டியன் தொடங்கி வைத்ததைத் திருவிதாங்கூர் மன்னர்கள் வளர்த்தார்கள். ஓர் ஆங்கிலேயர் பெரிதாக்கினார். அதன்பின் தமிழ்நாடு பராமரித்து வருகிறது. தண்ணீர் எந்த அரசின் எல்லையையும் கேட்டு ஓடவில்லை.

கன்னிப்பூவும் கும்பப்பூவும்

நாஞ்சில்நாட்டுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டு மழைக்கும் இரண்டு பூ. கோடைமழை ஈரத்தில் சித்திரை, வைகாசியில் பொடிவிதையாக விதைத்து, இடவப்பாதி மழையில் வளர்ந்து, ஆவணி புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. அறுத்த கையோடு வயலை உழுது, மரமடித்துத் தொளியாக்கி, நாற்று நட்டு, துலாமாதத்து மழையில் வளர்த்து மாசியில் அறுப்பது கும்பப்பூ.

கன்னி என்பது புரட்டாசி. கும்பம் என்பது மாசி. நாங்கள் பேசியது தமிழ், வழிபட்டது தமிழில், ஆனால் வயலுக்கு மட்டும் மலையாள மாதப் பெயர். கணக்கெல்லாம் கொல்லம் ஆண்டில். என் தாத்தாவின் பத்திரங்களில் ஆங்கில ஆண்டே கிடையாது. இதை யாரும் முரண்பாடாக நினைத்ததில்லை. மொழிக்கும் அரசுக்கும் இடையே கோடு போட்டுப் பார்க்கும் பழக்கம் அன்று வயலில் இல்லை.

நெல்லின் அளவு மரக்கால். இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. நிலத்தையும் விதையால்தான் அளப்பார்கள்: "அவாளுக்கு எத்தனை கோட்டை விதைப்பாடு?" என்று கேட்டால் குடும்பத்தின் நிலை தெரிந்துவிடும். அறுத்தடிப்புக் காலம் வந்தால் ஊரே களத்தில் கிடக்கும். கதிரை அடித்து நெல்லை எடுத்த பிறகு, வைக்கோலைப் போராக அடுக்கி வைத்து, சில நாள் கழித்து மாடு பூட்டிச் சூடடிப்பார்கள். அதில் இரண்டாம் முறை நெல் உதிரும். அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். கட்டிச்சம்பா, வாசறுமுண்டான் என்ற நெற்பெயர்கள் என் காதில் இன்னும் கேட்கின்றன. பிற்காலத்தில் பக்கத்துத் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் கண்ட புதிய ரகங்களும், 'அம்பை பதினாறும்' வந்து பழையவற்றைத் தள்ளிவிட்டன.

வீட்டுத் தேவைக்குப் பத்தாயத்தில் போட்டது போக மிச்ச நெல் கோட்டாற்றுக் கம்போளத்துக்குப் போகும். அங்கிருந்து வில்வண்டியும் பாரவண்டியுமாக வடக்கே வரும். எங்கே? இந்த நகரத்தின் சாலைக் கம்போளத்துக்குத்தான். தர்மராஜாவின் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவில் நாஞ்சில்நாட்டு வணிகர்கள் வந்து தங்கியதும், அவர்கள் குடும்பங்கள் ஆரியசாலை, வலியசாலை, கரமனை என்று பரவியதும் இந்த நெல்வண்டியின் தடத்தில் நடந்தவை. இங்கே புத்தரிக்கண்டம் மைதானத்தைக் கடக்கும் நம் பிள்ளைகளுக்கு, அது ஒரு காலத்தில் பத்மநாபசுவாமி கோயில் நிறைபுத்தரிசிக்குக் கதிர் விளைந்த வயல் என்பதைச் சொல்ல வேண்டும். நிறைபுத்தரிசி சுசீந்திரத்திலும் உண்டு. புதுக்கதிரைக் கோயிலில் வாங்கி வந்து வீட்டு நிலையில் கட்டுவோம்.

கோயிலும் ஊரும்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைப் பற்றி டாக்டர் கே. கே. பிள்ளை அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு நூல் 1953இல் வெளிவந்தது. ஒரு கோயிலை வைத்து ஓர் ஊரின் ஆயிரமாண்டு வாழ்க்கையை எழுதிக் காட்டிய முன்னோடி நூல் அது. தாணு சிவன், மால் திருமால், அயன் பிரம்மன். மூவரும் ஒரே இடத்தில். வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் தமிழ்க் கல்வெட்டுகளும் நிறைந்த இக்கோயிலில் சோழரும் பாண்டியரும் வேணாட்டரசரும் தடம் பதித்திருக்கிறார்கள். இன்று நாம் காணும் 134 அடி உயர ராஜகோபுரத்தின் பணி 1888இல்தான் நிறைவுற்றது.

கோயில் என்பது வழிபடும் இடம் மட்டுமன்று. அதுவே பெரிய நிலக்கிழார். ஊர்ச்சபை, பின்னர் யோகக்காரர், பின்னர் அரசு என்று நிருவாகம் கைமாறியபோதெல்லாம் கோயில் வயலில் யார் உழுவது, யாருக்கு எவ்வளவு என்பதும் மாறியது. ஒரு வழக்குமன்றமும் அங்கே நடந்தது. ஒழுக்கக்கேட்டுக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கை முக்கித் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டும். இதற்குக் கைமுக்கு என்று பெயர். இந்திரன் இங்கே சுசி பெற்றான் என்ற தலபுராணத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட இவ்வழக்கத்தைச் சுவாதித் திருநாள் மகாராஜா நிறுத்தினார்.

மார்கழித் திருவிழாவில் மக்கள்மார் சந்திப்பு என்று ஒன்று உண்டு. தாய்தந்தையரைக் காண வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் கோட்டாற்றிலிருந்து வலம்புரி விநாயகரும் சுசீந்திரத்துக்கு வருவார்கள். கும்பப்பூப் பயிர் வயலில் பச்சையாக நிற்கும் நாட்கள் அவை. நடவு முடிந்து அறுவடை வராத அந்த இடைவெளியில்தான் வேளாண்மை ஊருக்குத் திருவிழா கொண்டாட நேரம் கிடைக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இவ்வளவு பெருமை சொல்லிவிட்டு, மற்றதைச் சொல்லாமல் விடுவது வரலாறு ஆகாது. அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், அந்தக் கோயிலுக்கு நெல் விளைவித்த மக்களில் பெரும்பாலோர் நடக்கக்கூட முடியாது. வைக்கம் போராட்டத்தைத் தொடர்ந்து, 1926இல் சுசீந்திரத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம். எம்பெருமாள் நாயுடு அதில் முன்னின்றவர். 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்த பிறகுதான் கோயில் வாசல் எல்லோருக்கும் திறந்தது. வைக்கத்தை எல்லோருக்கும் தெரியும். சுசீந்திரத்தை நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

களத்து நெல் யாருடையது?

அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்ட ஓலைகள் நாஞ்சில்நாட்டு வரலாற்றுக்குப் பெரிய கருவூலம். அவற்றைக் கண்டு எழுதியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பின்னாளில் விரிவாகப் பதிப்பித்தவர் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் அ. கா. பெருமாள். அந்த ஓலைகளில் வரம்பு மீறிய வரியை எதிர்த்து நாட்டார் கூடிப் பேசிய வீரமும் இருக்கிறது; மனிதரை விலைக்கு விற்ற அடிமை ஓலையும் இருக்கிறது. நிலத்தை விற்கும்போது அதில் உழைத்தவர்களையும் சேர்த்து விற்ற காலம் அது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

சட்டத்தில் ஒழிந்தது வயலில் உடனே ஒழியவில்லை. எங்கள் வயலுக்கு மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர் ஒரு முதியவர். நடுராத்திரி மழையானாலும் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பார். எந்த மடையை எவ்வளவு நேரம் திறந்தால் எந்த வயல் நிரம்பும் என்று அவருக்குக் கணக்கே வேண்டாம். என் தாத்தா வயதுள்ள அவரை, ஏழெட்டு வயதுச் சிறுவனான நான் பெயர் சொல்லி "ஏ, இங்க வா" என்றுதான் கூப்பிட்டேன். அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். நாள் முழுக்க எங்கள் நெல்லை அளந்து குவித்துவிட்டு, கடைசியில் களத்து ஓரத்தில் துண்டை விரித்துக் கூலி நெல் வாங்கிப் போவார். அந்தத் துண்டு என் கண்ணில் இன்றும் நிற்கிறது. நாஞ்சில்நாட்டு நெல்லின் பெருமையைப் பேசும்போதெல்லாம் அதையும் சேர்த்துப் பேச வேண்டியது என் கடமை.

நிலம் உடைய வீட்டுக்குள்ளும் எல்லோருக்கும் நீதி இருந்ததில்லை. எங்கள் வீடு மருமக்கள்வழி வீடு. சொத்து மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குப் போகும். நாஞ்சில்நாட்டில் பெண் வாழ்ந்தது கணவன் வீட்டில், ஆனால் அந்த வீடு அவள் பிள்ளைகளுக்கு உரியதன்று. மக்களுக்கு உகந்துடைமை, மனைவிக்கு நங்குடைமை என்று சிறு பங்கு கிடைத்தால் உண்டு. என் ஆச்சி சொல்வாள்: "எங்க அப்பா செத்துப் பதினாறு கழிஞ்ச மறுநா, மருமக்கமாரு வந்து பத்தாயத்துச் சாவிய வாங்கிட்டாவ மக்கா. அந்தப் பத்தாயத்து நெல்ல அளந்து போட்டது எங்க அம்மையாக்கும். நாங்க நாலு புள்ளைகளும் அம்மையும் ஒரு குத்துப்போணியோட எறங்கினோம்."

சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் 1876இல் பிறந்து, இந்தத் திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியில் ஆசிரியராக இருந்த கவிமணி, இந்தக் கொடுமையைத்தான் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்ற நூலாக, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி பேசுவதுபோல நகைச்சுவையோடு பாடினார். சிரித்துக்கொண்டே படித்தவர்கள் சிந்திக்கவும் செய்தார்கள். 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்கள்வழிக்கு வழி திறந்தது. ஆச்சிக்கு அது காலம் கடந்த சட்டம். என் அம்மைக்கு அதனால்தான் சுசீந்திரத்தில் சொந்தமாக வயல் கிடைத்தது.

கோடு வந்த கதை

என் அப்பா திருவனந்தபுரத்தில் அரசு அலுவலர். வயலும் ஆச்சியும் சுசீந்திரத்தில். சம்பளமும் பள்ளிக்கூடமும் இங்கே. இதில் யாருக்கும் எதுவும் வினோதமாகத் தோன்றியதில்லை. தலைநகருக்கு வேலைக்கு வந்திருந்தோம், அவ்வளவே. 'புலம்பெயர்ந்தோர்' என்ற சொல் எங்கள் வீட்டில் கேட்டதே கிடையாது.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் நெடிய போராட்டமும், மார்ஷல் நேசமணி முதலியோரின் தலைமையும், 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தோரின் தியாகமும் அதன் பின்னே உண்டு. அந்தப் போராட்டம் நியாயமானது என்பதில் எங்கள் வீட்டில் இருவேறு கருத்து இருந்ததில்லை. அப்பா அன்று பாயசம் வைக்கச் சொன்னார்.

ஆனால் அரசு ஊழியர்களிடம் எந்த மாநிலத்தில் பணிபுரிய விருப்பம் என்று கேட்டபோது அப்பா பல நாள் தூங்கவில்லை. எங்கள் படிப்பு, வாடகை வீடு, பணிமூப்பு எல்லாம் யோசித்துக் கேரளம் என்று எழுதிக் கொடுத்தார். அம்மை கேட்டாள்: "அப்போ நம்ம ஊரு?" அப்பா, "ஊரு எங்கயும் போகாது. பஸ்ல ஏறினா மூணு மணிக்கூரு" என்றார். அந்த வரைக்கும் அவர் சொன்னது சரிதான்.

1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு வந்தது. கேரளத்தில் ரேஷன், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு. ஒரு கன்னிப்பூ அறுப்பு முடிந்து அம்மையும் நானும் ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தோம். எங்கள் வயல் நெல்லை அவித்துக் குத்திய சம்பா அரிசி இரண்டு மரக்கால் அம்மையின் பையில். எல்லையில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அம்மை சொன்னாள்: "சார், இது வெலைக்கு வாங்கினதில்ல. எங்க வயல்ல வெளஞ்சதாக்கும்." அந்த அலுவலர் கோபப்படவில்லை. "நியமம் அங்ஙனெயாணு அம்மே" என்று சொல்லிப் பையைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் அரிசி அன்று கடத்தல் அரிசி ஆயிற்று.

பக்கத்தில் ஓர் இளம்பெண், கைக்குழந்தையோடு, இடுப்பில் கட்டியிருந்த அரிசியைப் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். தினமும் இரண்டு மூன்று படி கொண்டுபோய் விற்றுப் பிழைப்பவள். பஸ் கிளம்பிய பிறகு அம்மை என்னிடம், "நம்ம அரிசி போட்டு மக்கா. நமக்குச் சம்பளம் வரும். அந்தப் புள்ளைக்கு இன்னைக்கு அடுப்பெரியணுமே" என்றாள். எல்லைக்கோடு என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். நில உடைமை உள்ளவனுக்கு அது மனவருத்தம். இல்லாதவளுக்கு அது பட்டினி.

நூற்றாண்டுகளாகத் தெற்கிலிருந்து வடக்கே வண்டி வண்டியாக வந்த நெல்லை நிறுத்திய அதே சாலையில், முன்னுதித்த நங்கையின் பல்லக்கு மட்டும் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. களியிக்காவிளையில் தமிழ்நாட்டுக் காவலர் மரியாதை செய்து அனுப்ப, கேரளக் காவலர் மரியாதை செய்து வரவேற்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இன்று

1979இல் ரயில் வந்தபின் ஊருக்குப் போவது எளிதாயிற்று. ஆனால் போகும் ஊர்தான் மாறிக்கொண்டே வருகிறது. நெல் விளைந்த பல வயல்கள் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் ஆகி, பிறகு மனைகளாயின. நான்குவழிச் சாலைக்கும் வயல் போயிற்று. பழையாற்றில் குளித்த படித்துறையில் இன்று குளிக்க மனம் வராது. நகரத்துக் கழிவுநீர் அதில் கலக்கிறது. நல்ல செய்தியும் ஒன்று உண்டு: சுசீந்திரம், தேரூர்க் குளங்களின் ஈரநிலத் தொகுதி 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நெல்லுக்காக நம் முன்னோர் தேக்கிய குளங்களை இன்று பறவைகளுக்காக உலகம் மதிக்கிறது. எங்கள் மடைக்காரப் பெரியவரின் பேரன் நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியர். சென்ற முறை தேரோட்டத்தில் சந்தித்தேன். "வாங்க சார்" என்றார். நானும் "நல்லாயிருக்கீங்களா சார்" என்றேன். தேர்வடத்தை இருவரும் சேர்ந்து பிடித்தோம். அவருடைய தாத்தாவை நான் கூப்பிட்ட விதத்தை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பேரனிடம் அன்றிரவு நான் சொன்னது இது: "மக்கா, அந்தச் சாமி இங்கே வரத் தொடங்கினபோது தமிழ்நாடும் இல்லை, கேரளமும் இல்லை. தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே மாறியது; சாமியும் கூடவே வந்தது. நம்ம ஆளுகளும் அப்படித்தான் வந்தோம். நாம இங்கே வந்த பிறகுதான் நடுவில் கோடு வந்தது." அவன் விடவில்லை. "அப்போ நாம எந்த ஊரு தாத்தா?" என்றான். "ரெண்டு ஊரும்" என்றேன். "ரெண்டு ஊருக்கும் நாம கடன்பட்டிருக்கோம்."

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் கொல்லம் ஆண்டு எழுதிய பழைய பத்திரங்கள், பாகப்பிரிவினைக் குறிப்புகள், நெற்கணக்குச் சிட்டைகள் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வீட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் இருந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். வயல் யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள். மடை திறந்தவர் யார் என்றும் கேளுங்கள். என் வீட்டில் அந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.